கை குலுக்கும் நேரம்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், என்னைச் சத்தியம் செய்யச் சொல்லாதீர்கள். நான் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவன், நாங்கள் சத்தியம் செய்வதில்லை. இன்றைக்கு உண்மை பேசுகிறேன் என்று சத்தியம் செய்தால், மற்ற நாளெல்லாம் பொய் பேசினேன் என்று ஆகிவிடும் அல்லவா? உறுதி கூறுகிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். காப்பிக்கு நன்றி.

என் பெயர் ஆமோஸ் பென்னக். பிலடெல்பியாவுக்கு வெளியே நான் படித்த குவேக்கர் பள்ளியிலேயே முப்பத்தொரு வருடமாகப் பழைய மாணவர் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, பெயர் சொல்லும்படி வாழ்கிற பழைய மாணவர்களின் பட்டியலை ஒரு பக்கத்தில் அச்சிடுவோம். நாற்பது பேர். உயிரோடு இருப்பவர்கள் மட்டும். ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி எழுதுவது நான்தான். நீதிபதி, பாலம் கட்டுபவர், அகதிகளுக்குப் பள்ளி நடத்துபவர். யார் கையிலும் ரத்தம் கிடையாது. இதய அறுவை மருத்துவர் லிடியா ஷார்ப்லெஸ் கையில் உண்டு, அது வேறு ரத்தம்.

ரஸ்ஸல் பாஸ்கல் என் வகுப்பு. ஆங்கில அகரவரிசையில் பாஸ்கலுக்கு அடுத்து பென்னக் வரும், அதனால் பத்து வருடம் ஒரே பெஞ்சு. பன்னிரண்டு வயதில் ஹாக்கி மட்டையால் என் முன்பல் இரண்டை உடைத்தான். நான் திருப்பி அடிக்கவில்லை. மறுநாள் தலைமையாசிரியை என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "ஆமோஸ் கை ஓங்கலை, பாத்தீங்களா?" என்றார். முந்நூறு பேர் என்னைப் பார்த்தார்கள். வாய் வீங்கிக் கிடந்தும் அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அந்தப் பள்ளி என்னைப் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

ரஸ்ஸல் வளர்ந்து, போரே கூடாது என்னும் எங்கள் சபைக்கு நேரெதிராக, ஆளில்லா விமானங்களுக்குக் குண்டு செய்யும் கம்பெனி வைத்தான். இந்த வருடம் அவன் பெயரைப் பட்டியலில் சேர்க்கலாம் என்றது பட்டியல் குழு, நானும் அதில் ஒருவன். எங்களிடம் வாக்கெடுப்பு கிடையாது. ஒருவர் முடியாது என்றாலும் காரியம் அதோடு நின்றுவிடும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "விலகி நிற்கிறேன்" என்றேன். ஒப்பவும் இல்லை, குறுக்கே நிற்கவும் இல்லை என்று அதற்குப் பொருள். சண்டை சச்சரவு எனக்கு ஒத்துவராது.

அக்டோபரில் பழைய மாணவர் சந்திப்பு. ஞாயிறு காலை, ஆராதனைக்கு முன் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். ரஸ்ஸல் என் முதுகில் ஓங்கித் தட்டினான்.

"டேய் ஆமோஸ், இன்னும் அடுத்தவன் பேரையே எழுதிக்கிட்டு இருக்கியா? உன் பேரை எப்படா எழுதப்போற?"

"விடுப்பா, பாவம்," என்றார் லிடியா, சிரித்துக்கொண்டே.

அவனுக்குப் பால் சர்க்கரை இல்லாத கசப்புக் காப்பிதான் பிடிக்கும். தோட்டக் கொட்டகையில், வளை தோண்டும் பிராணிகளைக் கொல்ல வைத்திருந்த பழைய மருந்து மூன்று நாளாக என் சட்டைப்பையில் இருந்தது. ஆகவே அந்தச் சிரிப்புதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள்.

எங்கள் ஆராதனையில் பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை. ஒரு மணி நேரம் மௌனம். யாருக்காவது உள்ளிருந்து வார்த்தை எழும்பினால் எழுந்து பேசலாம். அப்படி எழும்பும்போது சிலருக்கு உடம்பு நடுங்கும். அந்தக் காலத்தில் ஊரார் எங்களுக்கு நடுங்குகிறவர்கள் என்று வைத்த பேர்தான் குவேக்கர்.

பதினொன்றே முக்காலுக்கு ரஸ்ஸல் நடுங்க ஆரம்பித்தான். பெஞ்சு கிறீச்சிட்டது. நீதிபதி கண் திறந்து பார்த்தார், பக்தியோடு மூடிக்கொண்டார். ரஸ்ஸலின் தாடை இறுகிக்கொண்டது. நாக்கைக் கடித்திருக்க வேண்டும், ரத்தம் மோவாயில் வழிந்து சட்டைக் காலருக்குள் இறங்கியது. முதுகு வில்லாக வளைந்து, பின்தலை பலகையில் மோதியது, மறுபடி மோதியது. கத்துவதற்கு அவனுக்கு வாய் திறக்கவில்லை. இரண்டு பெஞ்சு முன்னால், அவனுக்கு முதுகு காட்டி, லிடியா கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

அவனுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் மனைவி ரோசன்னா. வெளியாள், எங்கள் வழக்கம் தெரியாது. "என்னங்க? என்னாச்சு இவருக்கு? ரத்தம் வருதே," என்று எழப்போனாள். நான் அவள் கையை மெல்லப் பிடித்தேன்.

"உக்காரும்மா. வார்த்தை எழும்புது. நாம இடையில போகக்கூடாது."

"நெசமாவா?"

"நாங்க பொய் சொல்றதில்லைம்மா."

உட்கார்ந்தாள். அவன் முகத்தையே பார்த்தபடி, அழுதுகொண்டு, சத்தம் வராமல் உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் இருப்பவர் கையைக் குலுக்கினால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். அன்று முடித்து வைக்கும் பொறுப்பு என்னுடையது. எந்த நிமிடமும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கலாம், லிடியா ஓடி வந்திருப்பார். ஆனால் கூட்டம் பன்னிரண்டுக்குத்தான் முடிய வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருக்கையில் அவன் அடங்கினான். சரியாகப் பன்னிரண்டுக்கு அவன் கையைக் குலுக்கினேன். இன்னும் சூடாகத்தான் இருந்தது.

ஆம், நான்தான் செய்தேன். ரோசன்னாவிடம் சொல்லுங்கள், அவள்மேல் தப்பில்லை.

ஒரு சின்ன விஷயம் பாக்கி இருக்கிறது. பக்கம் அச்சுக்குப் போய்விட்டது. பாஸ்கல் பெயரை எடுத்ததும் முப்பத்தொன்பதுதான் இருந்தது, நடுவில் ஓர் இடம் காலி. அகரவரிசையில் அங்கே பொருந்தும் பெயர் எதுவென்று உங்களுக்கே தெரியும். அதற்கு எதிரே ஒரே வரி எழுதினேன்: 'வாழ்நாளில் யார் மீதும் கை ஓங்காதவர்.' வாசித்துப் பாருங்கள், அதில் திருத்த ஒன்றும் இல்லை.