எண்பலகை துடைத்த ஏட்டய்யா அர்த்தனாரி அவர்களுக்கு

கொல்லிமலை ஏறும் பேருந்துகளுக்கும், இறங்கும் லாரிகளுக்கும், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று தமக்கே உறுதியில்லாத ஜீப்புகளுக்கும், அவற்றின் கூரைமேல் அமர்ந்து பயணிக்கும் பலாப்பழங்களுக்கும், பலாப்பழங்களின்மேல் அமர்ந்து பயணிக்கும் பொதுமக்களுக்கும் அடிவாரச் சோதனைச் சாவடி அதிமுக்கியமாய் அறிவிப்பது: இன்று மாலையோடு, எண்பலகையைப் படித்துப் பார்க்கும் வழக்கம் இம்மலையில் பணி ஓய்வு பெறுகிறது!

சட்டம் சொன்ன ஆறரை சென்டிமீட்டர் எழுத்தை அணுவளவும் பிசகாமல் அளந்த அண்ணலே! வளைந்த எண்ணை வைதே நிமிர்த்திய வல்லவரே! வண்டி என்றால் அதற்கொரு முகம் வேண்டும், முகம் என்றால் அதற்கொரு பெயர் வேண்டும் என்று கடைசிவரை நம்பிய நல்லவரே! வாளியும் ஈரத்துணியுமாய் வாசலில் நின்ற வீரரே! தலைமைக் காவலர் திரு. அர்த்தனாரி அவர்களே! வணக்கம்.

தாங்கள் இச்சாவடிக்கு மாற்றலாகி வந்த தொண்ணூறுகளின் நடுவில், எண் இருக்க வேண்டிய இடத்தில் நடிகர் இருந்தார். நடிகர் இல்லாத வண்டியில் கட்சிக்கொடி இருந்தது. இரண்டும் இல்லாத வண்டியில் காதலியின் பெயர் கொட்டை எழுத்திலும், அரசாங்கம் தந்த எண் அவள் காலடியில் எறும்புச் சாரை போலவும் இருந்தன. சிலர் எண்ணை நல்ல தமிழில் எழுதி வந்தார்கள். பிடித்தால் தமிழ் அழும், விட்டால் சட்டம் அழும் என்று தவித்த தாங்கள், இரண்டுக்கும் சேர்த்துத் தாங்களே அழாத குறையாக நின்றதை நாங்கள் கண்டோம். தையற்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தாங்கள் எழுத்தை அளக்கையில், “ஏனுங்க ஏட்டய்யா, வண்டிக்கு ஜாக்கெட்டுத் தைக்கறீங்களா?” என்று கேட்டவர்கள் உண்டு. “ஆமாப்பா, கை வெச்சதா, கையில்லாததா? சொல்லு” என்று கேட்டபடியே அபராதச் சீட்டைக் கிழித்த தங்கள் நிதானத்தை என்னென்று புகழ்வது!

நடிகர்களை வென்றீர்கள். கட்சிகளோடு ஒருவாறு சமாதானமானீர்கள். சந்தனத்திடம்தான் தோற்றீர்கள்.

ஆயுதபூஜையன்று எண்பலகை முழுக்கச் சந்தனம் குழைத்துப் பூசி, மேலே மூன்று குங்குமப் பொட்டு வைப்பது இங்குள்ள ஜீப்புகளின் வழக்கம். வைத்ததை யாரும் துடைக்க மாட்டார்கள். “தானா உதிரோணுங்க, நாம தொடப்படாதுங்க” என்பார்கள். சந்தனமோ, இவர்கள் அரைத்த அரைப்பில், தை மாதம்வரை உதிராது. அத்தனை மாதமும் ஒரு மலை முழுக்க எண்ணே இல்லாத வண்டிகள் ஓடும். தாங்கள்தான் வாளியோடு நின்று, “சாமி கோவிச்சுக்காதுப்பா, நான் நம்பரு மேல இருக்கறத மட்டுந்தான் தொடைக்கறேன்” என்று சொல்லிச் சொல்லித் துடைத்தீர்கள்.

ஒரு வருடம் செங்கோடனின் ஜீப்பைத் துடைத்து அனுப்பினீர்கள். அது மலையேறித் திரும்பி இறங்குகையில் நான்காவது வளைவில் கவிழ்ந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை; செங்கோடனின் முன்பல் ஒன்றும், ஏற்றியிருந்த வாழைத்தார்களும் போயின. அந்த வண்டியில் பிரேக் என்ற ஒன்று பேருக்குக்கூட இல்லை என்பது மலையறிந்த செய்தி. ஆனாலும் ஊரே திரண்டு சாவடிக்கு வந்தது. “சாமி பொட்ட அழிச்சீங்களே, இப்பத் திருப்திங்களா?” என்று பல் போன வாயோடு கேட்டார் செங்கோடன். “பிரேக்கு?” என்றீர்கள் தாங்கள். “பிரேக்கு போன வருசமுந்தான் இல்லீங்க. அப்பப் பொட்டு இருந்துச்சு, வண்டி கவுந்துச்சுங்களா?” என்றார். இந்த வாதத்துக்குச் சட்டத்தில் பதில் இல்லை. இனிமேல் சந்தனத்தைத் தொடக்கூடாது என்று மேலிடத்திலிருந்து வாய்மொழியாக உத்தரவு வந்தது. வாளி, டீ கிளாஸ் கழுவப் போயிற்று.

அடுத்த ஆயுதபூஜை முடிந்த வாரம். மலைமேல், வளப்பூர் நாடு என்ற ஊர்த்தொகுதியின் சாலையில் மனைவி பாவாயியோடு பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தார் சின்னக்கண்ணு என்ற விவசாயி. பின்னால் வந்த ஜீப் அவரை அடித்துத் தூக்கிப் போட்டது. ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு போய்விட்டது. சின்னக்கண்ணு அங்கேயே இறந்தார். வண்டியின் பின்பலகை, அது நின்ற நேரம் முழுக்கப் பாவாயி அம்மாளின் கண்ணுக்கு நேரே இருந்தது.

“நம்பர் என்னன்னு பாத்தீங்களா அம்மிணி?” என்று கேட்டீர்கள்.

“எனக்குப் படிக்கத் தெரியுமுங்க. எழுத்துத்தானுங்க இல்ல. சந்தனம் பூசி மூணு பொட்டு வெச்சிருந்துச்சுங்க. நடுப்பொட்டு மட்டும் கொஞ்சம் வழிஞ்சிருந்துச்சுங்க.”

அந்த வழிந்த பொட்டுத்தான் வழக்கின் ஒரே சாட்சி. அதைப் பிடிக்க வேண்டும் என்ற பதைப்பில், ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் ஏறி நாடு நாடாகத் தாங்களே சென்று அறிவித்தீர்கள்: சந்தனம் மறைத்த எண்பலகையோடு வரும் ஜீப் எதுவானாலும் சந்தேகத்தின்பேரில் நிறுத்தப்படும், ஓட்டி வந்தவர் விசாரிக்கப்படுவார்!

மறுநாள் மலையிலிருந்து இறங்கிய ஜீப்புகளைக் கண்டு இச்சாவடி மலைத்து நின்றது. ஒன்றில்கூடச் சந்தனம் இல்லை. குங்குமம் இல்லை. நடிகர் இறங்கிவிட்டார், காதலி இறங்கிவிட்டாள், கொடி இறங்கிவிட்டது. காயாத வர்ணத்தில், கறுப்பு எழுத்தில், ஆறரை சென்டிமீட்டர் உயரத்தில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் போல வரிசையாக எண்கள் வந்தன. குற்றம் செய்தவன் பயந்து கழுவினான். செய்யாதவர்கள் எல்லாம் அவனைவிடப் பயந்து கழுவினார்கள். தாங்கள் பலகை பலகையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தீர்கள். செங்கோடன் வண்டியிலிருந்து தலையை நீட்டி, “என்னுங்க ஏட்டய்யா, இத்தன வருசமா இதத்தானே கேட்டீங்க?” என்றார். கேலியில்லை. பாராட்டாகத்தான் சொன்னார்.

பாராட்டியவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. எண்பலகை விதிகளை நூற்றுக்கு நூறு நடைமுறைப்படுத்திய சாவடி என்று மாவட்ட அளவில் நற்சான்றிதழ் வந்தது. மேடையில் அதை வாங்கத் தாங்கள் கை நீட்டச் சற்றுத் தாமதமாயிற்று. அடக்கம் என்று எல்லோரும் மெச்சினார்கள். வழக்கு, துப்புத் துலங்காதவற்றோடு போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆயுதபூஜைக்குச் சந்தனமும் திரும்பி வந்தது.

அதன்பிறகு தாங்கள் டேப்பை எடுத்து நாங்கள் பார்க்கவில்லை. எந்த ஜீப் வந்தாலும் எண்ணைப் பார்ப்பதற்குமுன் பம்பரைப் பார்த்தீர்கள், பிறகு ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தீர்கள். எல்லாரும் தங்களுக்கு வணக்கம் வைத்தார்கள். அவர்களில் ஒருவன் சின்னக்கண்ணுவைக் கொன்றவன்.

பாவாயி அம்மாள் மாதம் ஒருமுறை பஸ்ஸில் இறங்கி வருவார். “ஏனுங்க, ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?” என்பார். “பாத்துட்டு இருக்கறோம் அம்மிணி” என்பீர்கள். ஒருநாள் நாங்களே பொறுக்காமல், இனித் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டுவிட்டோம். “அவனத் தூக்குல போடச் சொல்லலீங்க. பஸ்ஸு இல்லாத நேரத்துல ஆசுபத்திரிக்கு, சந்தைக்கு எல்லாம் ஜீப்புலதானுங்க ஏறோணும். எந்த வண்டின்னு தெரிஞ்சா, அதுல மட்டும் ஏறாம இருந்துக்குவேனுங்க” என்றார். இதைவிடச் சின்னக் கோரிக்கையோடு யாரும் ஒரு காவல்துறையிடம் வந்ததில்லை. அதையும் நம்மால் நிறைவேற்ற முடியவில்லை.

அச்சான மடலில் இல்லாத ஒன்றையும் வாசிக்கையில் சேர்த்துச் சொல்கிறோம்: இன்றும் வந்திருக்கிறார். பந்தலையும் சீரியல் லைட்டையும் கண்டுவிட்டு, “வண்டி சிக்கிருச்சுங்களா?” என்று ஓடிவந்து கேட்டார். ஏட்டய்யா ஓய்வு பெறுகிறார் என்றோம். “அப்ப இனி ஆரப் பாக்கோணுங்க?” என்றார். பின்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு, ஒரு கலர் சோடா உடைத்துக் கொடுத்திருக்கிறோம். வாசலில் நிற்கும் சிறப்பு விருந்தினர்களின் வண்டிகளில் எவற்றுக்கு எண் உண்டு, எவற்றுக்கு இல்லை என்று மரியாதை கருதி நாங்கள் பார்க்கவில்லை. தாங்கள் பார்த்ததைப் பார்த்தோம்.

மாண்புமிக்கவரே! முழங்கால் வலி தீர்ந்து, முழுத் தூக்கம் வாய்த்து, பேரன் பேத்திகளோடு பெருவாழ்வு வாழ்க! வீதியில் போகும் வண்டியைக் குனிந்து பார்க்கும் பழக்கம் தங்களை விட்டு விலகுக! நூறாண்டு நலமே சூழ்க என்று சாவடிக் காவலர்கள் அனைவரும் ஒப்பமிட்டு, கண்ணாடிச் சட்டமிட்டு, சந்தனமாலை சாற்றி இம்மடலைத் தங்கள் கைகளில் அளிக்கிறோம்.

இதை வாசித்து முடிப்பதற்குள் வளப்பூர் நாட்டுக் கடைசி பஸ் போய்விட்டது. பாவாயி அம்மாள் ஜீப்பில்தான் போக வேண்டும்.