மேடத்துக்கு என்ன அளவு?

— ஐயோ, நீ எங்க இங்க வந்த?

— கடைக்குத்தான் வந்தேன். கதவு தொறந்திருந்துச்சு, படியேறி வந்துட்டேன். நீங்க என்னங்க, கழுத்துல இஞ்ச் டேப்போட பொம்பளைங்க உள்ளாடை மாடியில நிக்கறீங்க?

— மெல்லப் பேசு. இன்னிக்கு இங்க ஆள் வரல. கொஞ்ச நேரம் பாத்துக்கச் சொன்னாங்க.

— கீழ பேன்ட் சட்டைப் பக்கத்துலேருந்தா?

— ஆமா. அங்க கூட்டம் இல்ல, அதான்.

— அது சரி. சட்டையில பேட்ஜ் குத்தியிருக்கே, 'மகளிர் உள்ளாடை, மூத்த விற்பனையாளர்'னு. கொஞ்ச நேரத்துக்குள்ளயே மூத்தவராக்கிட்டாங்களா?

— பாரு, சொல்றதக் கேளு. இப்ப நீ போ. வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொல்றேன்.

— போக முடியாதுங்க. எனக்கு சாமான் வாங்கணும். இந்தக் கடையில நல்லா பாத்து எடுத்துத் தருவாங்கன்னு கூட வேலை செய்யறவ சொன்னா.

— என்ன வேணும்னு சொல்லு, நானே வாங்கிட்டு வர்றேன்.

— சொல்ற மாதிரி இருந்தா வீட்லயே சொல்லியிருக்க மாட்டேனா?

— ஐயோ, அக்கா வர்றாங்க. இந்த மாடிக்கே பொறுப்பு அவங்கதான். தயவுசெஞ்சு அவங்க முன்னாடி...

— அவங்க முன்னாடி?

— என்ன தம்பி, கஸ்டமர நிக்க வச்சே பேசிட்டிருக்க? யாரு, தெரிஞ்சவங்களா?

— இல்லக்கா. மேடம் இப்பத்தான் வந்தாங்க. சொல்லுங்க மேடம், என்ன பாக்கறீங்க?

— மேடமா? சரி, மேடத்துக்கு சைக்கிள் ஓட்டும்போது உள்ள போட்டுக்கற மாதிரி ஏதாவது வேணும்.

— உக்காரு கண்ணு, ஸ்டூல் இருக்கு பாரு. எதுக்கு நின்னுக்கிட்டே?

— வேணாம்க்கா. உக்கார முடிஞ்சா இங்க எதுக்கு வரப்போறேன்?

— அட கடவுளே, அவ்வளவு மோசமா? சரி, சரியான ஆளுகிட்டத்தான் வந்திருக்க. நான் ஒரு பொம்பளை பக்கத்துலயே நிப்பேன், என்னைத் தாண்டிட்டு இவரத்தான் கேட்டு வருவாங்க. குனிஞ்ச தலை நிமிராது, ஒரு வேண்டாத வார்த்தை வராது. பிள்ளை பெத்தவங்க, ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க, மார்ல கட்டி எடுத்தவங்க, எல்லாரும் இவர்கிட்டத்தான் மனசு விட்டுச் சொல்லுவாங்க. ஏன் தம்பி, டேப்பையே சுருட்டிட்டு நிக்கற? கேளேன் அவங்கள.

— கேக்கறேன்க்கா. மேடம், தினமும் ஓட்டுவீங்களா?

— பார்சல் கம்பெனியில வேலைங்க. வீடு வீடா கொண்டு போய்க் குடுக்கணும். காலையில ஏறினா பை காலியாகற வரைக்கும் சீட்டுதான். மழையில நனைஞ்சாலும் அதே துணிதான்.

— தினமும்தான். ஆமா.

— என்னய்யா, அவங்க சொன்னதையே நீயும் சொல்லிட்டு நிக்கற?

— இல்லக்கா. மேடம், இப்ப உள்ள என்ன போடறீங்க?

— சாதாரண காட்டன் ஜட்டிதான். மெத்துன்னு இருக்கட்டும்னு ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு போட்டுக்கறேன். அதுக்கு மேல கம்பெனி பேன்ட்.

— ரெண்டா!

— ஏங்க, தப்பா?

— தப்புதாங்க. காட்டன் வேர்வைய உறிஞ்சி அப்படியே வச்சுக்கும், லேசுல காயாது. ஈரத்துணி தோல்ல ஒட்டிக்கிட்டு ஒவ்வொரு மிதிக்கும் தேய்க்கும். ஒண்ணு மேல ஒண்ணு போட்டா தையல் மேல தையல், எலாஸ்டிக் மேல எலாஸ்டிக். அது மெத்தை இல்லங்க, அரம்.

— அப்ப நான்தான் என்னை ராவிக்கிட்டிருந்தேனா?

— வீட்ல யார்கிட்டயும் சொல்லலையா கண்ணு? வீட்டுக்காரர் இருக்காருல்ல?

— இருக்காருக்கா. நல்லவருதான். குடி கிடையாது, கை நீட்ட மாட்டாரு. இடுப்பு வலிக்குதுன்னு சொன்னேன், அன்னிக்கே தைலம் வாங்கிட்டு வந்துட்டாரு. அத எடுத்துக்கிட்டு பாத்ரூம்ல போய் நின்னு அழுதேன்.

— இடுப்புன்னு ஏன் பொய் சொன்ன?

— வேற என்னன்னு சொல்றது? அந்த இடத்துக்கு நம்ம வாய்ல பேரே இல்லையேக்கா. இருக்கற பேரெல்லாம் திட்டறதுக்குத்தான் இருக்கு.

— அந்த மனுஷனாவது, எங்க வலிக்குதுன்னு கேட்டிருக்கலாமில்ல?

— இடுப்புன்னு சொன்னா இடுப்புதான்னு நினைச்சிருப்பாருக்கா.

— உன்னையா கேட்டேன் தம்பி?

— அவர் சொல்றது சரிதான்க்கா. அப்படித்தான் நினைச்சிருப்பாரு. திரும்பிப் படுத்தேன், கோவம்னு நினைச்சாரு. நின்னுக்கிட்டே சாப்பிட்டேன், அவசரம்னு நினைச்சாரு. எல்லாத்துக்கும் அவராவே ஒரு காரணம் வச்சிருந்தாரு, அப்புறம் எதுக்கு என்னைக் கேக்கணும்?

— கட்டினவகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன முத்தா உதிர்ந்துடும்? இதோ, இந்தத் தம்பியோட பொண்டாட்டி குடுத்து வச்சவ. ஆனா அந்த மகராசிய நாங்க யாரும் கண்ணால பாத்ததில்ல. ஒரு தடவ கடைக்குக் கூட்டிட்டு வாய்யான்னா பிடி குடுக்கவே மாட்டாரு.

— என்ன சொல்லுவாரு?

— ஒரு தடவ அவளுக்கு ஜுரம்பாரு. இன்னொரு தடவ அவளுக்கு வெளிய வர்றதே பிடிக்காதும்பாரு.

— அப்படியா? பாவம், வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கறாங்க போல.

— மேடம், நான் சரக்கு எடுத்துக் காட்டறேன், இந்தப் பக்கம் வாங்க.

— காட்டு தம்பி. கீழ ஏதோ கத்தறாங்க, நான் என்னன்னு பாத்துட்டு வந்துடறேன்.

— போயிட்டாங்க. இனிமே 'மேடம்' வேணாம்.

— உன் மூஞ்சிய என்னால பாக்க முடியல.

— குனிஞ்ச தலை நிமிராதுன்னு அக்காதான் சொன்னாங்களே.

— கிண்டல் பண்ணாத. உங்க அண்ணன் முதல் தடவ பாத்தப்போ, 'மாப்ள, கடையில எந்தப் பக்கம்'னு கேட்டாரு. சட்டுனு பேன்ட் சட்டைன்னு வாய்ல வந்துடுச்சு. அப்புறம் எப்படி மாத்தறது? கூடப் படிச்சவன் ஒருத்தன் பொண்டாட்டியோட இங்க வந்தான். என்னைப் பாத்துட்டு, 'டேய், பாடி விக்கறியா நீ'ன்னு மாடியே கேக்கற மாதிரி சிரிச்சான். அந்தப் பொண்ணு வாங்க வந்ததக்கூட வாங்காம இறங்கிப் போயிடுச்சு. அந்தச் சிரிப்பு உன் மூஞ்சியிலயும் வந்துடுமோன்னுதான் மறைச்சேன்.

— பேன்ட் சட்டைன்னு சொன்னத விட்டுடறேங்க. இப்ப, கண்ணு முன்னாடி நிக்கறேன். தெரிஞ்சவங்களான்னு கேட்டதுக்கு இல்லன்னுட்டீங்க.

— உன்னை நினைச்சு வெக்கப்படல. என்னை நினைச்சுத்தான்.

— எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் புரியல. என் காதுல விழுந்தது 'இல்லக்கா' மட்டும்தான்.

— தப்புதான். பெரிய தப்பு. என்ன சொன்னாலும் அது தப்புதான்.

— சரி, எடுங்க. அவங்க வர்றதுக்குள்ள எதையாவது காட்டுங்க.

— இதப் பாரு. சைக்கிள் ஓட்டறவங்களுக்குன்னே தைக்கறது, உக்கார்ற இடத்துல மெத்தை மாதிரி பேட் வச்ச ஷார்ட்ஸ். பொம்பளைங்களோடது பின்னாடி அகலமா இருக்கும், ஆம்பளைங்களோடத எடுத்து மாட்டிக்கிட்டா பேட் இடம் மாறிடும். விரல வச்சு தடவிப் பாரு, நடுவுல தையல் தட்டுதா?

— தட்டல. இதுக்கு உள்ள என்ன போடணும்?

— ஒண்ணும் போடக்கூடாது.

— ஒண்ணுமேவா! ரோட்டுல போறவங்க...

— மேல கம்பெனி பேன்ட் போட்டுக்கப்போற, ரோட்டுல போறவனுக்கு என்ன தெரியும்? பேட் நேரா தோல்ல படணும். நடுவுல துணி வந்தா மறுபடியும் அந்த உரசல்தான்.

— இறுக்கிப் பிடிக்குமோ? ஒரு சைஸ் பெருசா குடுங்களேன்.

— கூடாது. லூசா இருந்தா சுருண்டுக்கும், மடிப்பு விழற இடத்துலதான் தோல் உரியும். வயித்த அழுத்தாம, தொடையில மடிப்பு விழாம இருக்கணும், அதான் உன் அளவு. ஒரு நாள் போட்டதத் துவைக்காம மறுநாள் போடாத. ரெண்டு வச்சுக்கிட்டு மாத்தி மாத்திப் போடு.

— எவ்வளவு பொறுமையா சொல்றீங்க. இந்தக் குரல் வீட்டுக்கு வர்றதே இல்லையே.

— வீட்டு வாசல்லயே கழட்டி வச்சுட்டு வந்துடுவேன். எங்க தெரிஞ்சுடுமோன்னு. உன்னை ஒரு கேள்வி கேக்கறதுக்குக்கூட பயம். கேட்டா இவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு நினைப்பியேன்னு பயம்.

— இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே.

— இப்ப கேக்கறேன். கடைக்காரனா கேக்கல. எங்க வலிக்குது உனக்கு?

— இங்க நின்னா சொல்லச் சொல்றீங்க?

— வீட்ல கேக்காம விட்டுட்டேன், இங்கயாவது சொல்லு. உக்காரும்போது எலும்புல அழுத்துதா, மிதிக்கும்போது உரசுதா?

— உரசல்தான். தொடை வந்து சேர்ற இடத்துல, ரெண்டு பக்கமும். இடது பக்கம் தோலே போயிடுச்சு. நேத்து கழட்டும்போது துணியோட ஒட்டிக்கிட்டு வந்துச்சுங்க.

— ரத்தமா?

— ரத்தமும் வந்துச்சு. மஞ்சளாவும் ஏதோ.

— அடிப்பாவி, சீழ் வச்சிருக்கு. இதப் போட்டாலும் இப்ப ஆறாது. முதல்ல ஒரு பொம்பளை டாக்டரப் பாக்கணும். புண்ணு ஆறுற வரைக்கும் நீ சைக்கிள்ல ஏறக்கூடாது.

— லீவு கேட்டேன். கம்பெனி மேனேஜர் எதுக்குன்னாரு. அந்த ஆளுகிட்ட என்னன்னு சொல்றது? அங்கயும் இடுப்புதான். 'எல்லாருக்கும்தான் இடுப்பு வலிக்குது, முடியலன்னா எழுதிக் குடுத்துட்டுப் போ'ன்னுட்டாரு. எழுதிக் குடுத்துடலாம்னு பேனாவக்கூட எடுத்துட்டேங்க.

— நீ ஏன் எழுதிக் குடுக்கணும்? உனக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா? டாக்டர்கிட்ட சீட்டு வாங்கி நானே வந்து குடுக்கறேன். என்ன வியாதின்னு கேட்டா, சைக்கிள் சீட்டு அறுத்த புண்ணுன்னு பச்சையா சொல்றேன். உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா, பொம்பளைங்க உள்ளாடைக் கடையில வேலை செய்யறவன்யான்னு சொல்றேன்.

— அத்தனை பேர் முன்னாடியா?

— சொல்லுவேன்.

— அது இருக்கட்டும். அக்கா படியேறி வர்றாங்க.

— என்ன தம்பி, முடிஞ்சுதா? மேடத்துக்குப் பிடிச்சிருக்கா?

— அக்கா, இவ மேடம் இல்லக்கா.

— பின்ன?

— என் வீட்டுக்காரி. தெரிஞ்சவங்களான்னு நீங்க கேட்டதுக்கு இல்லன்னேன், பொய். தைலம் வாங்கிக் குடுத்த அந்த மனுஷன் நான்தான்க்கா.

— தெரியும் தம்பி, தெரியாத மாதிரிதான் இருந்தேன். போன வாரமே உன் வீட்டுக்காரின்னு சொல்லிட்டு வந்தாங்க, நீ சாப்பிடப் போயிருந்த. நானே எடுத்துத் தர்றேன்னேன். 'வேணாம்க்கா, வர்ற பொம்பளைங்களையெல்லாம் எங்க வலிக்குதுன்னு கேக்கறாராமே, என்னையும் ஒரு தடவ கேக்கட்டும்'னு சொல்லிட்டு, அந்தப் புண்ணோடயே சைக்கிள்ல ஏறிப் போனாங்க.