பங்குக் கிணத்திலை போயிலைத் தண்ணி

மெய்யே பிள்ளை, நேற்றுக் கோப்பாய் பஸ்ஸிலை எனக்கு யன்னல் பக்கம் இடம் கிடைச்சுது, நல்ல காத்து. முன் சீற்றிலை ஆரோ ரெண்டு பொம்பிளையள். ஒருத்தி சொல்லுறா, "என்ரை கத்தரிக்கு வைச்ச மருந்தைக் கிணறு குடிச்சிட்டுது அக்கா." நான் காதைக் குடுத்திட்டன்!

கத்தரி வேரெல்லாம் புழுப் பிடிச்சு முடிச்சு முடிச்சாக் கிடந்ததாம். வேருக்கு ஊத்தவெண்டு போயிலைக் காம்பை ஊறவைச்சு, வடிச்ச தண்ணியை வாளியோடை கிணத்துக்கட்டிலை வைச்சவவாம். பம்ப் இழுக்க முதல் அதுக்குள்ளை தண்ணி வார்க்கவேணுமெல்லே? புருசன் விடியக் கருக்கலிலை வெறுந் தண்ணியெண்டு நினைச்சு அந்த வாளியைத் தூக்கி வார்த்திட்டாராம். குழாய் அடியிலை தண்ணியைப் பிடிச்சு வைக்கிற வால்வு பழுது. முழுக்கக் கிணத்துக்குள்ளை இறங்கியிட்டுது.

"எடியே, அது பங்குக் கிணறெல்லோ! மற்றப் பங்குக்காரருக்குச் சொன்னனியோ?"

"எந்த முகத்தோடை சொல்லுறது? காலமை அவை குடத்திலை அள்ளிக்கொண்டு போகேக்கை கதவுக்குப் பின்னாலை நிண்டு பாத்தனான்."

"உனக்கென்ன விசரே? சின்னப் பிள்ளையள் குடிக்கிற தண்ணி. இறங்கின உடனை ஓடிப்போய்ச் சொல்லு!"

அவ பையைத் தூக்கிக்கொண்டு எழும்பீட்டா. எங்கடை சந்திக்கு முதல் சந்தியிலைதான் இறங்கினவை.

நிலத்துக்குக் கீழை எல்லாக் கிணத்துக்கும் ஒரே தண்ணியெண்டுதானே சொல்லுறவை?

பொறு பிள்ளை, அடுப்பிலை தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்குது. அதை முத்தத்திலை கவிட்டுப்போட்டு வாறன்.