ரோஜாவின் அடிப்புறம்

உங்கள் தேநீரில் சாயமே இறங்கவில்லை, சார்ஜன்ட் ஐயா. அயர்லாந்திலேயே லேஸுக்குப் பேர்போன இந்த க்ளோன்ஸ் ஊரில் இதைக் கண் கழுவக்கூட எடுக்க மாட்டார்கள். நாள் முழுக்கக் கொக்கி ஊசியால் லேஸ் பின்னுகிறவர்கள் நாங்கள். கண் எரிந்தால் ஆறிய தேநீர்தான் மருந்து.

இங்கே வீட்டுக்கு ஒரு பூப் பின்னல். அம்மா மகளுக்கு மட்டும் சொல்லித் தருவாள். யாராவது கதவைத் தட்டினால் பின்னல் ஏப்ரனுக்கு அடியில் போய்விடும். என் அம்மா எனக்கு விட்டுப்போன சொத்து ஒரு ரோஜா.

ஈஸ்டருக்கு முன்னால், லேஸ் வியாபாரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் அதே ரோஜாவைப் பார்த்தேன். பின்னியவள் பக்கத்து வீட்டு அட்ராக்டா, என் சிநேகிதி. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது சூப் கொண்டுவந்து கொடுத்தவள். அந்தச் சாக்கில்தான் திருடியிருக்கிறாள் என்று புரிந்தது. நேரே போய்க் கேட்டேன்.

"எங்கம்மா ரோஜாவ எப்பிடிடி எடுத்தே?"

"போடி பைத்தியம். அது எங்க வீட்டுப் பூ. உங்க ரோஜாவ நான் கண்ணால கூடப் பாத்ததில்ல" என்று சிரித்தாள்.

சரி, இனி அவள் எதையுமே பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

கண் எரிகிறது என்று ஒரு நாள் வந்தாள். சுவருக்கு வெள்ளையடிக்க வாங்கிய சுண்ணாம்பைத் தேநீரில் கரைத்து, அவள் தலையை என் மடியில் சாய்த்துக் கண்ணில் ஊற்றினேன். அலறினாள். தண்ணீர்த் தொட்டிக்கு ஓடிவிடாதபடி கைகளைப் பிடித்துக்கொண்டேன். கிண்ணம் மாறிப்போய்விட்டது என்று பிறகு அழுதேன். நம்பினாள். பார்வை போன அவளுக்கு அன்றிலிருந்து சோறு தண்ணீர் கொடுத்து, மாதா கோயில் பூசைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனவளும் நான்தான்.

நேற்று என் ரோஜாவை அவள் கையில் வைத்தேன். பார்வையில்லாதவளிடம் காட்டினால் என்ன குறைந்துவிடும்? திருடியதைத் தடவிப் பார்த்து வேகட்டும் என்றிருந்தது.

அவள் பூவைத் திருப்பி அடிப்புறத்தைத் தடவினாள்.

"இதுல அடியில கயிறே இல்லையே, டிம்ப்னா. எங்க ரோஜாவுக்கு உள்ள தடிக் கயிறு ஓடும். இது வேற பூவுடி."

அவள் பின்னல் கூடையிலிருந்த அவளுடைய ரோஜாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கயிறு இருந்தது. வியாபாரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் முன்பக்கம்தானே தெரியும்?

அவள் என் கையைத் தேடிப் பிடித்தாள். பிறகு மெதுவாக, "கிண்ணம் மாறல, இல்ல?" என்றாள்.

மாறவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் வந்தது அதற்காக இல்லை, ஐயா. இப்போது என் ரோஜா அவள் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அதைப் பின்னாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.