கருங்காட்டுப் பள்ளத்து மரங்கொத்தி

ஒரு பறவையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அதன் பின்னால் நடக்கக் கூடாது. அது வந்து போகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட வேண்டும். பீடி பிடிக்கக் கூடாது, இருமக் கூடாது. ஒரு மாதம் அப்படி உட்கார்ந்திருந்தால் அது நம்மையும் ஒரு கட்டை என்று எண்ணிக்கொள்ளும்.

இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டது இதை அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் இங்கே தொடங்கினால்தான் மற்றது விளங்கும். எழுதுகிறவர் அவசரப்பட வேண்டாம். நான் எங்கும் போகப்போவதில்லை.

என் பெயர் சவுரியப்பன். வயது நாற்பத்து மூன்று. ஃபாரஸ்ட் கார்டு. 1937ஆம் வருஷம் என் மனைவி தெரசா விஷக்காய்ச்சலில் இறந்துபோனாள். குழந்தைகள் இல்லை. கீழே இருக்கப் பிடிக்காமல் மலைக்கு மாற்றல் கேட்டேன். சித்தேரி மலையில் கருங்காட்டுப் பள்ளத்தைக் கொடுத்தார்கள். யாரும் கேட்டு வாங்குகிற இடம் இல்லை அது. பக்கத்து ஊருக்கு நடந்தால் ஒன்றரை மணி நேரம்.

போன முதல் தை மாதத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். யாரோ திருட்டு மரம் வெட்டுகிறார்கள் என்று நினைத்துத் தடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பட்டுப்போன ஒரு மரத்தில், காக்கையைவிடப் பெரிய ஒரு கறுத்த பறவை செங்குத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. வயிறு மட்டும் வெள்ளை. தலையில் ரத்தச் சிவப்பில் கொண்டை. அது தலையைப் பின்னுக்கு இழுத்து ஓங்கிக் கொத்தியபோது உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை பெயர்ந்து என் காலடியில் விழுந்தது. சாதாரண மரங்கொத்தியை நான் பார்த்திருக்கிறேன். இது வேறு.

அன்றிலிருந்து ஐந்து வருஷம். ஒரு ஜோடிதான். ஆணுக்கு நெற்றி முதல் பிடரி வரை சிவப்பு, பெண்ணுக்குப் பிடரியில் மட்டும். விடிந்து வெயில் மரத்தின் பாதிக்கு இறங்கும்போது ஒன்றை ஒன்று கூப்பிடும். மார்கழி முடிந்ததும் காய்ந்த கிளையில் தாளம் போடத் தொடங்கும். வருஷத்துக்கு ஒரு பொந்து, புதிதாக. பழையதில் முட்டையிடாது. முட்டை இரண்டு. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். மாறும்போது ஒரு சின்னக் குரல் கொடுக்கும். வெளியே இருப்பது வந்துவிட்டேன் என்பதுபோல. தெரசா அடுப்படியிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவாள். இதை எழுத வேண்டியதில்லை.

முக்கியமானது ஒன்று உண்டு. அது கண்ட மரத்தையும் குடையாது; தேர்ந்தெடுக்கிற மரம் தனி. அடிமரம் கெட்டியாக நிற்கும், பட்டையும் நன்றாக இருக்கும், மேலே முப்பது நாற்பதடியில் மட்டும் உள்ளே உளுத்திருக்கும். மனுஷன் கண்ணுக்கு அது தெரியாது. கோடாலிக்காரன் கோடாலிப் பின்புறத்தால் அடியில் தட்டிப் பார்ப்பான், கணீரென்று கேட்கும். பறவைக்கு மட்டும் தெரியும். பிறகு எனக்கும் தெரிந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தே எந்த மரம் மேலே உளுத்தது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். மலை முழுக்க அது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

நாற்பத்திரண்டாம் வருஷம் காட்டில் மரம் வெட்டும் கூப்பு வந்தது. சண்டைக்கு மரம் வேண்டும், பஸ் ஓட்டக் கரி வேண்டும் என்றார்கள். வெட்டிய மரம் வண்டிகளில் மொரப்பூர் போய் ரயில் ஏறும். கான்ட்ராக்டர் மலைக்காரர்களையே கோடாலிக்கு வைத்துக்கொண்டார். எந்த மரத்தை வெட்டலாம் என்று சீல் சுத்தியலால் அடையாளம் போடுவது என் வேலை. இரண்டு மாதத்தில் பள்ளத்தின் கீழ்ப்பாதி வெளிச்சமாகிவிட்டது. பறவைகள் மேலே மேலே நகர்ந்தன. அந்த வருஷம் அவை குஞ்சு பொரிக்கவில்லை.

கோடாலிக்காரன் குள்ளனுடைய சாவு விபத்து. இதை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கார்த்திகை மாதம். சீல் போட்டது நான்தான், ஆனால் எதையும் நினைத்துப் போடவில்லை. நாலைந்து வெட்டு விழுந்ததும் மரம் மேலே அதிர்ந்து, பழைய பொந்து இருந்த இடத்தில் ஒடிந்தது. மேல்பாதி நேராக இறங்கியது. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மரம் ஆள் கேட்கிறது என்று சொல்லி எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். நாற்பது நாள் யாரும் வரவில்லை.

அந்த நாற்பது நாளும் பள்ளம் பழையபடி இருந்தது. பறவைகள் என் குடிசைக்குப் பக்கத்து மரத்துக்கே வந்தன. நான் அங்கே உட்கார்ந்து யோசித்தேன். மேலதிகாரிக்கு எழுதிப் பார்த்தால் என்ன என்றும் யோசித்தேன். ஒரு குருவிக்காகச் சண்டையை நிறுத்தச் சொல்கிறான் என்று சிரிப்பார்கள். ஆகவே எழுதவில்லை.

போன வருஷம் ஆவணியில் செல்லன் என்ற இன்னொரு கோடாலிக்காரன் வெட்டிய மரத்துக்கு நான் தெரிந்துதான் சீல் போட்டேன். அதில் மூன்று வருஷத்துப் பழைய பொந்து ஒன்று இருந்தது, கொடி மூடியிருந்ததால் வெளியே தெரியாது. ஒடியலாம், ஒடியாமலும் போகலாம். நான் எதையும் தள்ளிவிடவில்லை, வெட்டவும் இல்லை. மரம் ஒடிந்து மேலே விழுந்த பிறகு எட்டு நாள் உயிரோடு இருந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். இந்த முறை முப்பது நாள் வேலை நின்றது. நான் ஐம்பது எதிர்பார்த்தேன்.

இப்போது தர்மனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கூப்பில் அவனும் அவன் பெண்சாதி பாஞ்சாலியும் சேர்ந்து வேலை செய்தார்கள். அவன் வெட்டுவான், அவள் கிளை கழிப்பாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஆறு நாள் அவள் வீட்டிலிருந்து சாமைக் கஞ்சி வந்தது. பாத்திரத்தைக்கூட அவளே கழுவி எடுத்துப்போவாள்.

செல்லன் செத்த பிறகு தர்மன் கோடாலி போடுமுன் ஒவ்வொரு மரத்தையும் சுற்றிச் சுற்றி வந்து அண்ணாந்து பார்க்கத் தொடங்கினான். பொந்து கண்ணில் பட்டால் அந்த மரத்தைத் தொட மாட்டான். மாசி மாதக் கடைசியில் ஒருநாள் என்னிடம் வந்தான்.

"கார்டய்யா, தப்பா நெனச்சுக்காதீங்க. குள்ளன் மேல வுழுந்த மரமும் சரி, செல்லன் மேல வுழுந்ததும் சரி, ரெண்டும் மேல பொந்துங்க. அந்தக் கருப்புக் குருவி போட்ட பொந்து. ரெண்டுலயும் நீங்கதான் சீல் போட்டிருக்கீங்க."

நான் சீல் சுத்தியலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்குக் கண்ணு மங்கிப் போச்சுங்க. மேல இருக்கறது தெரிய மாட்டேங்குது. அதுல ஒண்ணும் குத்தமில்ல, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். ரேஞ்சரய்யா அடுத்த வாரம் வர்றாராம். சீல் போட வேற ஆள அனுப்பச் சொல்லிக் கேக்கலாம்னு இருக்கேனுங்க. நீங்க அரூர் போயி ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்குங்க."

"கேளு தர்மா, தப்பில்லை" என்றேன்.

அவன் என்மேல் சந்தேகப்படவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். என் கண் மங்கிவிட்டது என்றுதான் நினைத்தான். ஐந்து வருஷமாக அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தவனிடம் வந்து அப்படிச் சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை. அன்று வழக்கம்போலச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

வேறு ஆள் வந்தால் பள்ளம் ஒரே வருஷத்தில் மொட்டையாகிவிடும். பறவைக்கு நிற்க மரம் இருக்காது. அதனால்தான் முடிவு செய்தேன். ஆனால் தர்மன் விவரமானவன். பழைய பொந்துள்ள மரம் எதுவானாலும் கண்டுபிடித்துவிடுவான். வெளியே ஒரு குறையும் தெரியாமல், மேலே மட்டும் நன்றாகக் குடையப்பட்ட மரமாக இருக்க வேண்டும். அப்படி ஒன்றுதான் இருந்தது. பறவைகள் அந்த வருஷம் கூடு வைத்திருந்த மரம். பொந்து ஒன்றுதான், புதியது. அதை மூடிவிட்டால் மரம் பார்க்க ராஜா மாதிரி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பில் வேலை கிடையாது. பட்டப்பகலில், தேன் எடுக்கிறவர்கள் விட்டுப்போன மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறினேன். மரத்துக்கு நம்பர் எழுதுகிற பெயின்ட் டப்பாவை வெட்டித் தகடாக்கி வைத்திருந்தேன். அதைப் பொந்தின் வாயில் வைத்து நாலு ஆணி அடித்தேன். மேலே புற்றுமண் பூசிப் பட்டைத் துண்டுகளை ஒட்டினேன். வேலை சுத்தமாக வந்தது. கீழே இறங்கிப் பார்த்தபோது எனக்கே இடம் தெரியவில்லை.

உள்ளே குஞ்சுகள் இருந்தனவா என்று கேட்கிறீர்கள். இருந்தன. இரண்டு. ஆணி அடிக்கும்போது தாய்ப்பறவை இரை கொண்டுவந்துவிட்டது என்று நினைத்துக் கத்தின.

திங்கட்கிழமை காலை தர்மனை அந்த மரத்துக்குக் கூட்டிப்போனேன். பாஞ்சாலியும் வந்தாள்.

"இந்த மரத்துக்குச் சீல் போடலாமா, நீயே பார்த்துச் சொல்லு. என் கண்ணை நம்ப வேண்டாம்" என்றேன்.

அவனுக்கு வெட்கமாகிவிட்டது. "அய்ய, அதுக்குச் சொல்லலீங்க" என்றான். இருந்தாலும் பார்த்தான். அடியில் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். மூன்று முறை சுற்றி வந்து, கையை நெற்றியில் குடைபிடித்து அண்ணாந்து பார்த்தான். கழுத்து வலிக்கும் வரை பார்த்தான்.

பாஞ்சாலிதான் கேட்டாள். "ஏனுங்க, மேல எதோ கீச்சு கீச்சுனு கேக்குதுல்ல?"

"அணில்" என்றேன்.

"நல்ல மரங்க. போடுங்க சீலு" என்றான் தர்மன்.

அவன் எதிரிலேயே சுத்தியலால் அடித்தேன். பிறகு பாஞ்சாலியிடம், அந்தப் பக்கம் விறகு கிடக்கிறது, போய்ப் பொறுக்கிக்கொள்ளம்மா என்று சொல்லித் தள்ளி அனுப்பினேன். அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பதினோரு வெட்டு. நான் எண்ணினேன். பன்னிரண்டாவதற்குக் கோடாலியை ஓங்கியபோது மேலே ஒடிந்தது. பாஞ்சாலி ஓடிவந்து கத்தினாள், மரத்தைத் தூக்கப் பார்த்தாள். நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத மரம். நானும் ஒரு கை பிடித்தேன்.

மற்றதை அவளே சொல்லியிருப்பாள். ஊர்க்காரர்கள் அவனை எடுத்துக்கொண்டு போன பிறகும் அவள் அங்கேயே இருந்திருக்கிறாள். ஒடிந்து விழுந்த துண்டில் மண் உதிர்ந்து தகடு தெரிந்திருக்கிறது. கோடாலி முனையால் நெம்பி எடுத்திருக்கிறாள். உள்ளே இறகு முளைக்காத குஞ்சுகள் செத்துக் கிடந்திருக்கின்றன. தகட்டின் உள்பக்கம் நம்பர் எழுதுகிற வெள்ளை பெயின்ட். எழுதப் படிக்கத் தெரியாதவள்தான், ஆனால் அந்த டப்பாவை என் குடிசையில் கஞ்சி கொண்டுவந்தபோதெல்லாம் பார்த்தவள். தகட்டை மடியில் கட்டிக்கொண்டு இருபது மைல் நடந்து உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள் என்று சொன்னார்கள். நான் அதை எதிர்பார்க்கவில்லை. அழுதுவிட்டுத் தாய்வீடு போய்விடுவாள் என்று நினைத்தேன்.

காலையில் என்னை இங்கே கொண்டுவந்தபோது அவள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவரு உங்கள என்ன பண்ணுனாருங்க?"

எனக்கும் அதற்குப் பதில் வேண்டும் என்று தோன்றியது. ஒன்றும் செய்யவில்லை அம்மா, இது பறவைக்காகச் செய்தது என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். குள்ளன் விபத்து. செல்லனுக்கும் தர்மனுக்கும் நான் பொறுப்பு. எங்கே கைநாட்டு வைக்கச் சொன்னாலும் கையெழுத்தே போடுகிறேன், எனக்கு எழுதத் தெரியும்.

பெரிய பறவைகள் என்னவாயின என்று கேட்கிறீர்கள். ஆண் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. பெண்ணைப் பற்றிச் சொல்லலாம்.

திங்கட்கிழமை தர்மனைக் கூப்பிடப் போகுமுன் நான் ஒருமுறை தனியாகப் போய் அந்த மரத்தைப் பார்த்தேன். பெண் பறவை மண்பூச்சின் மேல் ஒட்டிக்கொண்டு கொத்திக்கொண்டிருந்தது. பாதி மண்ணைப் பெயர்த்துவிட்டது. அலகு தகட்டில் படும் சத்தம் பள்ளத்தின் மறுகரை வரை கேட்டது. தர்மன் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பான். கையைத் தட்டினேன். அது திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கொத்தியது. ஐந்து வருஷமாக என்னைப் பார்த்துப் பழகிய பறவை. என்னிடம் அதற்குப் பயம் இல்லை.

கல்லை எடுத்து எறிந்தேன். இரண்டாவது கல் பட்டது. கீழே விழுந்து இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது. தடியால் ஒருமுறை அடித்தேன். பிறகு ஏணியைச் சாத்தி, உதிர்ந்த இடத்தில் திரும்ப மண் பூசி, ஏணியைப் புதருக்குள் போட்டுவிட்டு, பறவையைக் காலால் சருகுக்கு அடியில் தள்ளினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தர்மனைக் கூப்பிடப் போனேன்.