அவள் கட்டிக்கொள்வதற்காக

உட்காருங்கள் ஐயா. நீங்கள் நின்றுகொண்டே கேட்டால் எனக்குப் பேச்சு வராது. ஒளித்து மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமும் இல்லை. எங்கள் வீட்டு அலுமினியக் குண்டான் ஒன்று கைதவறிக் கீழே விழுந்தது. எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். பழைய கட்டடங்களை வெடி வைத்து இடிப்பேன். பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிராமல் நாலு மாடியை அப்படியே மடித்து உட்காரவைப்பேன். வெடிக்காரர் என்றால் இந்த ஊரில் வாய் பேசாத குழந்தைகூடக் கை காட்டும்.

என் மனைவி பீரங்கிப் பிரிவில் இருந்தாள். எந்த நட்சத்திரத்துக்கு அந்தப் பக்கமோ நடந்த சண்டைக்குப் போய் ஆறு வருஷம் வரவில்லை. அந்த ஆறு வருஷமும் நான் வேறொரு பெண்ணை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. நானே சமைத்து நானே சாப்பிட்டேன். நீங்கள் வாங்கித் தரப்போகும் தண்டனை அதைவிடப் பெரிதாக இருக்காது.

அவள் விண்கப்பல் வந்து இறங்கிய அன்று துறைமுகத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். இவள் என் முன்னால் வந்து நின்று, "நல்லா இருக்கீங்களா?" என்றாள். கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தத்தை விசாரிப்பதுபோல. வீட்டுக்கு வந்தும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள். பேச்சுக் கொடுப்போம் என்று, "அங்க ஒரே வெடிச்சத்தமா இருந்திருக்குமே?" என்றேன்.

"அங்க சத்தமே கிடையாதுங்க. வெளிச்சம் மட்டும்தான் வரும். பக்கத்துல ஒரு கப்பல் இருக்கும். அப்புறம் இருக்காது."

நாட்கள் போயின. அவள் சுண்டுவிரல்கூட என் மேல் படவில்லை. கட்டின பெண்டாட்டியை எதிரில் வைத்துக்கொண்டு, அவள் எப்போது வருவாள் என்று காத்திருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போதுதான் குண்டான் விழுந்தது. சமையல்கட்டில் கழுவிக்கொண்டிருந்தேன், வழுக்கிவிட்டது. கூடத்திலிருந்து ஓடிவந்தாள் பாருங்கள், என் விலா எலும்பு நொறுங்குகிற மாதிரி கட்டிக்கொண்டாள். உடம்பெல்லாம் நடுக்கம். என் சட்டை முழுக்கக் கண்ணீர். ஆனந்தத்தில் மனுஷிக்கு இப்படி நடுக்கம் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் நானே போட்டேன். மறுபடி வந்தாள். அடுத்த வாரம் குண்டானுக்கு அவள் பழகிவிட்டாள். இரும்பு வாளி கொஞ்ச நாள் கைகொடுத்தது, அதுவும் சலித்தது. பிறகுதான் எனக்கு உறைத்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு எவனாவது நெய்க்கு அலைவானா?

கொல்லையில் சின்னதாக ஒன்று வைத்தேன். அன்று வெகுநேரம் அவள் என்னை விடவில்லை. "என்னங்க, அது என்ன?" என்று என் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, அடுத்த தெருவுல வேலை நடக்குது" என்றேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. அதனால் அடுத்த தெருவில் இருந்த பழைய தண்ணீர்த் தொட்டியை மறுநாளே இடித்தேன்.

அப்புறம் மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகை. அப்புறம் சந்தைக் கட்டடம். காலியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் செய்தேன். சண்டை இங்கேயே வந்துவிட்டது என்று பாதி ஊர் மூட்டை கட்டியது. வீட்டு வாடகை சரிந்தது. அதற்கு ஒருவரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய அண்ணன் வந்தார். தங்கமான மனுஷன், கல்யாணம் ஆகாதவர்.

"மாப்பிள்ளை, அவ பயந்துபோய்க் கிடக்கா. சோறு இறங்கல, தூக்கம் இல்ல. சத்தம் கேட்டா அவ உங்களைத்தான் கட்டிக்கணும்னு இல்ல. விளக்குக் கம்பம் இருந்தாலும் கட்டிப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மச்சான், நீங்க தனிக்கட்டை. புருஷன் பெண்டாட்டி விஷயம் உங்களுக்கு எங்க புரியப்போகுது?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஊர்க்கோடியில் இருக்கும் தன் வீட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வரட்டுமே என்று நானும் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

நாலு நாள் ஒரு மாதமாயிற்று. போய்ப் பார்த்தால், துணி மடித்துக்கொண்டே வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அண்ணன் ஏதோ சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க, உட்காருங்க" என்று தண்ணீர் கொடுத்தாள். விரல் படாமல் கொடுத்தாள். ஆறு வருஷம் காத்திருந்ததற்கு ஒரு தம்ளர் தண்ணீர். வயிறு எரிந்தது, ஐயா. அதை நான் மறைக்க மாட்டேன்.

அந்த வீடு பழைய செங்கல் வீடு. எனக்கு அது ஒரு வேலையே இல்லை. இரண்டு நாள் கழித்து வெடியை வைத்துவிட்டு, அவளை வெளியில் அழைத்து வந்து, தெருமுனையில் என் பக்கத்திலேயே நிற்கவைத்தேன். அவள் மேல் ஒரு தூசு விழச் சம்மதிப்பேனா?

எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. வெடிப்பதற்கு முன்னால் மூன்று தரம் விசில் ஊத வேண்டும். உள்ளே யாராவது இருந்தால் வெளியே வரட்டும் என்பதற்காக. அந்த முறையை நான் ஒருநாளும் மீறியதில்லை. அன்றைக்கும் ஊதினேன். மூச்சுப் பிடித்து நன்றாகவே ஊதினேன்.

மச்சான் மாடியில் மதியத் தூக்கத்தில் இருந்தார். ஊரே அப்போது காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் தூங்கியது. அவரும் வைத்திருந்தார். அது எனக்குத் தெரியாதா என்றுதானே கேட்கிறீர்கள்? தெரியும். "கண்டதையும் யோசிக்காம நிம்மதியா தூங்குங்க மச்சான்" என்று சொல்லி, அந்தப் பஞ்சை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

வீடு ஒழுங்காக உட்கார்ந்தது. ஒரு செங்கல் தெருவுக்கு வரவில்லை. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள் பாருங்கள், கல்யாணம் ஆன புதிதில்கூட அப்படி இல்லை. உங்கள் ஆட்கள் வந்துதான் எங்களைப் பிரிக்கவேண்டியிருந்தது. அதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுபடியும் சண்டைக்கே போகிறேன் என்று அவள் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொல்கிறீர்கள். அங்கேதான் நிம்மதி என்றாளாம். அண்ணன் போன துக்கத்தில் அப்படித்தான் வாயில் வந்ததைச் சொல்வாள். மனசில் ஒன்றும் இருக்காது.

கிளம்பும்போது இந்த அறையைத் தாண்டித்தானே அவள் போகவேண்டும்? எனக்காக ஒரே ஒரு உதவி செய்யுங்கள் ஐயா. என் கையில்தான் விலங்கு இருக்கிறது. அவள் வாசலுக்கு நேராக வரும்போது, உங்கள் பின்னால் இருக்கிற அந்த இரும்பு அலமாரியைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே தள்ளிவிடுங்கள்.