ரெண்டு செங்கல் அளவுப் பெட்டி

…மோசடி பாய், பச்சை மோசடி! இதுக்கு வேற பேரு இருந்தா நீங்களே சொல்லுங்க. சொல்ல மாட்டீங்க, சரி. நீங்க ஸ்குரூவக் கழட்டுங்க, நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன். கைக்குத்தான வேலை, காது சும்மாத்தான இருக்கு.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. உங்க கடை லெட்டர்பேடுல நாலு வரி. 'இந்தக் கம்ப்யூட்டர அசெம்பிள் பண்ணினவனுக்குத் தொழில் தெரியல, சூடு வெளிய போக வழி வைக்கல, அதனாலதான் ஆஃப் ஆவுது, இப்படிக்கு நியாஸ் அகமது.' அம்புட்டுத்தான். சீல் உண்டுல்லா? சீலு முக்கியம் பாய், சீல் இல்லன்னா ஒரு பய நம்ப மாட்டான். சாயங்காலம் நாலு மணிக்கு நம்ம சங்கரன்கோவில் ஸ்டூடியோக்காரங்க சங்கத்துல கூட்டம். இருபத்தேழு கடைக்காரன் வாரான். துரைப்பாண்டிகிட்ட இனிமே எவனும் ஒரு வயருகூட வாங்கக் கூடாதுன்னு தீர்மானம். கொண்டுவாரது யாரு? இந்த ஆறுமுகச்சாமி!

ஆமா, மச்சினன்தான். என் வீட்டுக்காரி கூடப் பொறந்தவன்தான். அதுக்கு? மச்சினன்னா மிஷினு சூடாவாதா? வீட்டுல அவ எட்டு நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. பேசாட்டி போறா… சோத்துத் தட்டக் கீழ வைக்கிற சத்தத்துலயே எல்லாத்தையும் பேசிடுதா.

கேளுங்க பாய், நான் கேட்டது என்ன? கல்யாண மண்டபத்துல எல்.இ.டி. ஸ்கிரீன் கட்டுதேன், லைவ் போடுதேன், நாலு கேமராவ ஒண்ணா மிக்ஸ் பண்ணுதேன். பழைய கம்ப்யூட்டரு பீரோ கணக்கா இருக்கும். அதத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறி எறங்கி என் இடுப்பு போயிட்டு. அதான் சொன்னேன், 'ஏலே தொரை, ரெண்டு செங்கலச் சேத்து வச்ச அளவுல ஒரு பெட்டி வேணும். ஆனா உள்ள இருக்குத சாமான் யானை கணக்கா இருக்கணும்.' இதுல என்ன தப்பு?

உடனே ஆரம்பிச்சான் பாருங்க. 'அத்தான், சின்னப் பெட்டின்னா காத்து போறதுக்கு எடம் கம்மி, இந்த கிராபிக்ஸ் கார்டு அடுப்பு மாதிரி எரியும், பேனு மூணு போடணும், பக்கத்துல தகடு இருக்கக் கூடாது, சல்லடைதான் இருக்கணும்…' அப்புறம் வெலயச் சொன்னான். பாய், பெரிய பெட்டிய விட சின்னப் பெட்டி வெல ரெண்டு பங்கு! எந்த ஊரு நியாயம் இது? தகரம் கம்மி, வெல மட்டும் கூடவா? நான் பன்னெண்டு வயசுல மைக்செட்டுக்குக் குழாய் கட்டப் போனவன். எந்தச் சாமானையும் கையில தூக்கிப் பாத்தே வெல சொல்லுவேன். எங்கிட்டயா? 'மூணு பேன்ல ஒண்ணக் கொறைலே'ன்னேன். 'பேனக் கொறச்சா நான் பண்ண மாட்டேன் அத்தான், வேற ஆளப் பாருங்க'ங்கான். பாத்தீங்களா திமிர! சொந்த அத்தான்கிட்ட! அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இவன் பேன்லதான் ஆதாயம் பாக்கான்னு.

என்ன? எப்பருந்து சூடாவுதுன்னு கேக்கீங்களா? அதான் பாய் தந்திரமே! ஆடித் தபசுத் திருவிழா அன்னைக்குக் காலைல ஆறு மணிக்கு ஆன் பண்ணினேன், ராத்திரி வரைக்கும் லைவ். ரதவீதி பூரா சனம், அந்தக் கூட்டத்து வேக்காட்டுல நானே ரெண்டு தடவ தல சுத்தி உக்காந்தேன். இது ஒரு தும்மல் போடணுமே? கெடையாது. ஆவணி முகூர்த்தம் பூரா ஓடுச்சு. ஐப்பசில போயிட்டு. வெளிய மழை கொட்டுது, உள்ள இது கொதிக்குது. அப்பம் என்ன அர்த்தம்? ரெண்டு மூணு மாசம் தாங்குத மாதிரி கணக்குப் பாத்துச் செஞ்சிருக்கான்!

குருவிகுளத்துல ஒரு கல்யாணம் பாய். ஐயரு கெட்டிமேளம்னு கையத் தூக்குதாரு… பேன் போடுத சத்தம் இருக்கே, ரைஸ்மில்லு மாதிரி. நாதஸ்வரக்காரரு வாசிக்கத நிறுத்திட்டு என்னத் திரும்பிப் பாக்காரு. ஸ்கிரீன்ல ஐயரு தூக்கின கை அப்படியே நிக்கி. பொசுக்குன்னு கருப்பு! லைவும் போச்சு, ரெக்கார்டிங்கும் போச்சு. திரும்ப ஆன் பண்ணி, அது யோசிச்சி, லோடாகி வந்து பாத்தா… பொண்ணும் மாப்பிள்ளையும் பந்தில உக்காந்து ஒருத்தருக்கொருத்தரு லட்டு ஊட்டுதாங்க. பொண்ணுக்குத் தாய்மாமன் ஒருத்தர், ஆளு ஆறடி, எம் பக்கத்துல வந்து நின்னு மெதுவாக் கேட்டாரு. 'வே, தாலி கட்டினது எங்க வே?' சத்தம் போட்டிருந்தாக்கூட நான் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாக் கேட்டா என்ன செய்ய?

நானும் சும்மா இருக்கல. அடுத்த மண்டபத்துல பெடஸ்டல் பேன வச்சேன். அதுக்கடுத்து மாப்பிள்ள ரூம்ல ஏசிக்கு நேராக் கொண்டு வச்சேன், மாப்பிள்ளைக்கு ஜலதோஷம் புடிச்சுதே தவிர இது குளிரல. ஐஸ்கிரீம் ஸ்டால்காரன்கிட்டக் கெஞ்சி ஐஸ்பெட்டிய வாங்கி அதுமேலயும் ஏத்தி வச்சாச்சு. நுங்குதான் வெட்டி வைக்கல! தொண்ணூத்தொம்பது டிகிரின்னு காட்டுது, ஆஃப் ஆவுது.

ஐஸ்பெட்டியும் தோத்த அன்னைக்கே குரூப்புல போட்டுட்டேன் பாய். சங்கத்து வாட்ஸ்ஆப்புல, நாலு நிமிச வாய்ஸு. 'இவன் திருடன், தொழில் தெரியாதவன், என் மானத்த வாங்கிட்டான்'னு. ராஜபாளையம் ரோட்டுல இப்பந்தான கடை தொறந்திருக்கான், ரெண்டு பேரு ஆர்டரக் கேன்சல் பண்ணிட்டானாம். நல்லா வேணும். அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'அத்தான், ஒரு தடவ தொறந்து பாக்க விடுங்க'ங்கான். விடுவேனா? தொறந்தா தடயத்த அழிச்சிருவாம்லா! அதான் நேரா உங்ககிட்ட வந்தேன். நீங்க கடையநல்லூர்க்காரரு, வெளிநாட்டுல வேல பாத்தவரு, ரெண்டு பக்கமும் சேராத ஆளு…

என்ன பாய், நிறுத்திட்டீங்க? பேன் மூணும் சுத்துதுல்லா? சுத்தும், சுத்தும். உள்ளதான் கோளாறு. அந்தப் பிராசசர் மேல இருக்க பேனக் கழட்டுங்க, ஆங்… நாலு ஸ்குரூதான், சுளுவா வரும்.

ஏன் மோந்து பாக்கீங்க?

வாசனை வருதா? என்ன வாசனை… ஓ. அது சந்தனம் பாய். நடுவுல செவப்பா இருக்கது குங்குமம். நாந்தான் வச்சேன். சரஸ்வதி பூசைக்கு. வருசத்துக்கு ஒரு நாளு எல்லாச் சாமானையும் கழட்டித் தொடச்சிப் பொட்டு வைக்கது நம்ம வழக்கம். கேமரா, ட்ரோனு, ஜெனரேட்டரு, எல்லாத்துக்கும் வச்சேன், இதுக்கு மட்டும் வைக்காம விட்டா அது கோவிச்சுக்காதா? பேனக் கழட்டினா அடியில சாம்பக் கலர்ல பிசுபிசுன்னு ஒரே அழுக்கு! துரைப்பாண்டி பய தொடைக்காமலே மூடியிருக்கான். பெயிண்டு தின்னரு ஊத்தித் தேச்சேன் பாருங்க… அடேயப்பா, பளபளன்னு, சின்னக் கொழந்தை நெத்தி மாதிரி இருந்துச்சு. மனசு கேக்கல. நல்லாத் தாராளமா சந்தனத்தக் கொழச்சிப் பூசி, பொட்டு வச்சி, பேன மேல வச்சி முறுக்கிட்டேன்.

அது என்ன டியூப்பு? சாம்பக் கலரு… அதே அழுக்கு! அழுக்க டியூப்புல அடைச்சா விக்கீங்க?

என்னது? பேஸ்ட்டா? அது வழியாத்தான் பிராசசர் சூடு மேல ஏறணுமா? அது இல்லன்னா பேன் மூணு இல்ல, முப்பது வச்சாலும்… அப்பம் சந்தனம்? காஞ்சி, செவரு மாதிரி… அதெப்படி பாய்! சந்தனம் குளிர்ச்சில்லா? மொட்டை போட்ட தலையில எதுக்குத் தடவுதோம், குளிர்ச்சிக்குத்தான!

சரி. தொடைங்க. பூசுங்க. ஆன் பண்ணுங்க. நாலு கேமராவையும் ஒண்ணா ஓட்டுங்க. இதனால இல்லன்னு இப்பத் தெரிஞ்சுபோவும்.

…அறுபத்தஞ்சி.

…எழுபது. கால் மணி நேரம் ஆச்சா? எழுபதுலயே நிக்கி. ரைஸ்மில்லு சத்தமும் காணும்.

என்ன எழுதுதீங்க? லெட்டரா? அது இருக்கட்டும் பாய், இப்பம் எதுக்கு… 'சந்தனம்'னு எதுக்கு எழுதுதீங்க! கிழிங்க. 'பழுது சரி செய்யப்பட்டது'ன்னு எழுதுங்க, போதும். ஆகாதா? சரி, 'அயல் பொருள்'னு போடுங்க. அதுவும் ஆகாதா? 'பூசைப் பொருள்'? என்ன பாய், ஒரே வெலக் கடையா இது! ரெண்டு வார்த்தைக்கு மேல வாய்தான் தொறக்க மாட்டீங்க, தலையாவது கொஞ்சம் ஆட்டப்பிடாதா?

சரி, லெட்டரே வேண்டாம். கூட்டத்துல எந்திரிச்சி 'தீர்மானத்த வாபஸ் வாங்குதேன்'னு சொல்லிட்டு உக்காந்துருதேன். காரணம் கேக்க மாட்டான் எவனும். போதும்லா? போதாதா… 'ரெண்டு பக்கமும் சின்னத் தப்பு'ன்னு சொல்லட்டா? அவன் பக்கம் என்ன தப்பா? அவன்… அந்த அழுக்கு அழுக்கு இல்லன்னு எங்கிட்ட முன்கூட்டியே சொல்லியிருக்கணும்லா! சிரிக்காதீங்க பாய். நீங்க சிரிச்சி இப்பந்தான் பாக்கேன்.

மூணு மணி ஆவுது.

திருடன்னு சொல்லிட்டேன் பாய். நாலு நிமிசம். பேனக் கொறைக்க மாட்டேன்னு சண்டை போட்ட பயல. அந்த ரெண்டு ஆர்டரும் போச்சே… திரும்ப வருமா?

இருங்க. போன எடுக்கேன். 'சங்கத்து நண்பர்களுக்கு வணக்கம், ஒரு சின்ன விளக்கம், அதாவது நவீன தொழில்நுட்பத்துல சில நேரங்கள்ல…' ஏன் அப்படிப் பாக்கீங்க? சரி, அழிச்சிட்டேன். முழு வெலயும் குடுத்தாத்தான் விடுவீங்க.

'ஆறுமுகச்சாமி பேசுதேன். மிஷின்ல கோளாறு இல்ல. நான் பிராசசர் மேல சந்தனம் பூசிட்டேன். துரைப்பாண்டி நல்லாத்தான் செஞ்சிருக்கான். நான் சொன்னது தப்பு. ஏலே தொரை… அத்தான மன்னிச்சிக்க.'

போயிட்டு. ஒருத்தன் கேட்டுட்டான். அஞ்சி பேரு… பதினொண்ணு… இருபது. ஒரு பயலும் ஒண்ணும் போடலயே! துரைப்பாண்டியும் கேட்டுட்டான் பாய். டைப் பண்ணுதான்னு காட்டுது. நிறுத்திட்டான். மறுபடியும் அடிக்கான்… என்ன எழுதுதான் இம்புட்டு நேரமா? மறுபடியும் நிறுத்திட்டான்.

பாய்… நீங்களாவது ஏதாச்சும் பேசுங்களேன்.